ஊக்கு விழுங்கிய நூல்

தொங்குகிற நூலைக் கண்டால் அவளுக்குக் கை சும்மா இருக்காது. பேருந்தில் முன்னால் உட்கார்ந்திருப்பவர் யாரோ எவரோ, அவர் காலர் ஓரத்தில் அரை அங்குல நூல் நீட்டிக்கொண்டிருந்தால் போதும், பையிலிருந்து குட்டிக் கத்தரியை எடுத்து நறுக்கிவிட்டுத்தான் தன் நிறுத்தத்தில் இறங்குவாள். கத்தரி கைக்கு வரவில்லை என்றால் நூலை விரலில் சுற்றிச் சுண்டி இழுப்பாள். உறவுக்காரர் கல்யாணம் ஒன்றில், மாப்பிள்ளையின் கோட்டுக் கையில் நூல் தொங்குவதைக் கடைசி வரிசை நாற்காலியிலிருந்தே பார்த்துவிட்டு, போட்டோ எடுத்துக்கொண்டிருக்கும்போதே மேடையேறிப் போய் வெட்டியிருக்கிறாள். அந்த வீட்டு ஆல்பத்தில், வெலவெலத்துப்போன மாப்பிள்ளையும் பக்கத்தில் கத்தரியோடு ஒரு பெண்ணும் நிற்கிற படம் ஒன்று இன்றைக்கும் இருக்கிறது.

தைத்து முடித்த துணியில் அங்கங்கே நீட்டிக்கொண்டு நிற்கும் நூல் முனைக்குப் பிசிறு என்று பெயர். சைக்கிள் கடைக்கு மேலே மாடியில் இருக்கும் தையல் கூடத்தில் இருபத்திரண்டு வருடமாகப் பிசிறு பார்ப்பதுதான் அவள் வேலை. அதனால் எல்லோருக்கும் அவள் பிசிறு அக்கா. ஆஸ்பத்திரிக்கும் ஹோட்டலுக்கும் சீருடை, ஏப்ரன், திரைச்சீலை என்று பதினான்கு மெஷினில் எது தைக்கப்பட்டாலும், கடைசியில் ஜன்னல் ஓரத்து மேசைக்கு வந்து, அவள் கை வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும்.

அவள் வந்தது தைக்கத்தான். ஆனால் அவள் தைத்தால் கோடு நேராகப் போகாது, ஆறு போகிற மாதிரி போகும். அதே சமயம் பக்கத்து மெஷின்காரி போட்ட தையலில் எந்த இடத்தில் நூல் தளர்ந்திருக்கிறது என்று மூன்றடி தூரத்திலிருந்து சொல்லிவிடுவாள். கட்டிங் மாஸ்டர் ஒரு வாரம் பார்த்தார். தைக்கத் தெரியாதவளுக்குத்தான் குற்றம் நன்றாகக் கண்ணில் படும் என்று சொல்லி, மெஷினிலிருந்து எழுப்பி ஜன்னல் ஓரத்தில் உட்காரவைத்தார். அவர் கேலியாகச் சொன்னதை அவள் பட்டயமாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து அவள் சொன்னால் சொன்னதுதான்.

நாய் வந்து ஐந்து வருடம் ஆகிறது. மகள் வேலை கிடைத்து வெளியூர் போன மறுமாதம், சைக்கிள் கடைக்காரரின் பழைய டயர்க் குவியலுக்குள்ளிருந்து ஒரு குட்டி வெளியே வந்து அவள் சேலைக் கரையைக் கவ்விக்கொண்டது. உதறினாள், விடவில்லை. அதட்டினாள், அப்போதும் விடவில்லை. பதினெட்டுப் படியும் அவளோடு தொங்கிக்கொண்டே ஏறி மேலே வந்துவிட்டது. குத்தினால் கழற்ற முடியாத ஊக்கு மாதிரி இருக்கிறதே என்று மாஸ்டர் சொல்ல, பெயர் அதுவாகவே நின்றுவிட்டது.

வந்த மூன்றாம் நாளே ஊக்குக்கு வயிற்றுப்போக்கு. இரண்டு தெரு தள்ளி இருக்கும் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு ஓடினாள். குட்டிக்குத் தண்ணீர்ச் சத்து வற்றிப்போயிருந்தது. டாக்டரம்மா ஊசி போட்டார். தோளுக்குப் பின்னால் தோலைக் கிள்ளித் தூக்கிவிட்டால் அது உடனே படிய வேண்டும், மெதுவாகப் படிந்தால் உடம்பில் தண்ணீர் இல்லை என்று காட்டினார். ஈறை விரலால் அழுத்தினால் வெளுத்து, எடுத்ததும் சட்டென்று சிவக்க வேண்டும் என்று காட்டினார். பிசிறு அக்காவுக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. இழுத்துப் பார்ப்பது, அழுத்திப் பார்ப்பது, நிறம் பார்ப்பது. துணிக்குச் செய்கிற அதே வேலைதானே.

அப்புறம் என்ன, தெருவில் எந்த நாய் வாந்தி எடுத்தாலும் முதலில் ஆள் வருவது அவள் வாசலுக்குத்தான். அவள் மூன்று கேள்வி கேட்பாள். குடித்த தண்ணீர் உள்ளே நிற்கிறதா? கூப்பிட்டால் வால் ஆடுகிறதா? வெளிக்குப் போனதா, போனால் என்ன நிறம்? தண்ணீர் நின்று, வாலும் ஆடினால், அரை நாள் பட்டினி போடச் சொல்வாள். அப்புறம் உப்பு காரம் இல்லாமல் வேகவைத்த கோழியும் குழைந்த சோறும் கொஞ்சம் கொஞ்சமாக. குட்டியாக இருந்தால் பட்டினி கிடையாது, நேராக டாக்டர். ரத்தம் வந்தாலோ தார் மாதிரி கறுப்பாகப் போனாலோ டாக்டர். வயிறு உப்பி, ஓங்கரித்து, ஒன்றும் வெளியே வரவில்லை என்றால், 'எங்கிட்டப் பேசிட்டு நிக்காத, ஓடு' என்பாள். எதுவாக இருந்தாலும் ஒரு நாளுக்கு மேல் வீட்டில் வைத்துப் பார்க்கக் கூடாது என்பது அவள் சட்டம். இதில் ஒன்றுகூடத் தப்பில்லை. டாக்டரம்மாவே ஒருமுறை, பாதிக் கூட்டத்தை நீங்கள் வாசலிலேயே பிரித்து அனுப்பிவிடுகிறீர்கள் என்று சிரித்தார்.

தண்ணீர் லாரி ஓட்டும் அவள் புருஷனுக்கு மட்டும் இதில் ஏளனம். ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன், நீ எத்தனை பேரில் நிற்கிறாய் என்று கேட்பார். அவள் அசரமாட்டாள். என் கையில் இதுவரை ஒன்றும் போகவில்லை என்பாள். அது உண்மைதான், அதனால்தான் அவளுக்கு அவ்வளவு திமிர்.

அந்த வாரம் ஒரு பெரிய ஹோட்டலின் சீருடை. வெள்ளைச் சட்டை, காலரிலும் கையிலும் சிவப்பு ஓரம். நானூறு சட்டை, வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டி வரும். வெள்ளைத் துணியில் சிவப்பு நூல் என்றால் பிசிறு பார்க்கிறவளுக்கு நரகம். ஒரு முனை விட்டாலும் ரத்தக் கீறல் மாதிரி தெரியும். அவள் புதன்கிழமை காலை மேசையில் குனிந்தவள் நிமிரவே இல்லை.

ஊக்கு எப்போதும்போல மேசைக்கு அடியில் படுத்திருந்தது. புதன் மத்தியானம் சாப்பாட்டை வாந்தி எடுத்தது. காலையில் வீட்டுக் குப்பைக் கூடையை உருட்டியிருந்தது அவளுக்குத் தெரியும். கோழித் தோலைத் தின்றிருக்கும், திருட்டுக் கழுதை, பட்டினி கிட என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தாள். சாயங்காலம் தண்ணீர் குடித்தது, அதையும் கக்கியது. வியாழக்கிழமை மஞ்சள் நுரை. வால் ஆடியது, ஆனால் முழுசாக ஆடவில்லை, நுனி மட்டும் ஆடியது. முன்காலை நீட்டி நெஞ்சைத் தரையில் வைத்து, பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. சோம்பல் முறிக்கிறது என்று நினைத்தாள். அப்படி அது அன்று ஏழெட்டு முறை நின்றது. எந்த நாயாவது ஒரே நாளில் எட்டு முறை சோம்பல் முறிக்குமா?

பக்கத்து வீட்டுக்காரி வந்து இதே கதையைச் சொல்லியிருந்தால், முதல் கேள்விக்கு வந்த பதிலிலேயே செருப்பைப் போடு, கிளம்பு என்று துரத்தியிருப்பாள். தண்ணீர் நிற்கவில்லை, அதற்கு மேல் என்ன வேண்டும்? ஊருக்குத்தான் உபதேசம். நானூறு சட்டையில் நூற்றைம்பது பாக்கி இருந்தது. வயிறு காலியாகிவிட்டால் தானாகச் சரியாகும் என்று மாஸ்டரிடம் அடித்துச் சொன்னாள். நம் கையில் வளர்ந்த நாய், நமக்குத் தெரியாதா என்றும் சொன்னாள்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். ஜன்னல் வழியாக வெயில் மேசைக்கு அடிவரை வந்திருந்தது. ஊக்கு மறுபடியும் பின்பக்கத்தைத் தூக்கி நின்றது. வாலைக் கொஞ்சம் ஒதுக்கியது. வாலுக்குக் கீழே, இரண்டு விரற்கடை நீளத்துக்கு, ஒரு சிவப்பு நூல் தொங்கியது.

இந்த இடத்தில் அவள் யோசித்தாள் என்று சொன்னால் அது பொய். மூளைக்குச் செய்தி போவதற்குள் கை போய்விட்டது. நூலை ஆள்காட்டி விரலில் ஒரு சுற்றுச் சுற்றி இழுத்தாள். இருபத்திரண்டு வருடம் ஒரு நாளைக்கு ஆயிரம் முறை செய்த காரியம். நூல் ஒரு அங்குலம் வந்தது. அப்புறம் நின்றது.

முடிச்சில் மாட்டினால் நூல் வெடுக்கென்று நிற்கும். இது அப்படி நிற்கவில்லை. மெத்தென்று, கனமாக, ஏதோ ஒன்றைக் கூடவே அழைத்துக்கொண்டு வருகிற மாதிரி நின்றது. அந்த இழுப்பு அவள் விரலுக்குத் தெரியும். திரைச்சீலைக்குச் சுருக்கு வைக்கும்போது நீளத் தையலாக ஓட்டி, ஒரு முனையைப் பிடித்து இழுப்பார்கள். ஐந்து முழத் துணி அந்த ஒற்றை நூலில் ஏறி ஏறி, மடிந்து மடிந்து, ஒரு முழமாகச் சுருங்கும். அப்போது விரலில் நூலின் இழுப்பு தெரியாது, பின்னால் வரும் துணியின் பாரம்தான் தெரியும். இப்போதும் அதே பாரம். வருவது நூல் இல்லை. நாயின் உள்ளே இருக்கும் எதுவோ அந்த நூலில் ஏறிச் சுருங்கி வந்துகொண்டிருந்தது.

ஊக்கு குரைக்கவில்லை, முனகவில்லை. தலையைத் திருப்பி அவளைப் பார்த்தது, அவ்வளவுதான். அவள் விரலில் சுற்றிய நூலை மெதுவாகப் பிரித்தாள். மற்றக் கை பழக்கத்தில் கத்தரியைத் தேடிப் போனதைப் பார்த்து, கத்தரியை எடுத்து மேசைக்கு அந்தப் பக்கம் வீசினாள்.

"மாஸ்டர், ஸ்கூட்டரை எடுங்க."

"வண்டி சாயங்காலம் வருதும்மா. இன்னும் எண்பது சட்டை இருக்கு."

"இருக்கட்டும். எடுங்க."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்பது அன்றைக்கும் மாறவில்லை. நிராகரித்த திரைச்சீலை ஒன்றில் நாயைச் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரின் பின்னால் உட்கார்ந்தாள். பதினான்கு மெஷினும் நின்று, பதினான்கு பேரும் ஜன்னலில் நின்றார்கள். எண்பது சட்டையும் மேசைமேல் அப்படியே கிடந்தன.

டாக்டரம்மா நாயை மேசையில் படுக்கவைத்து வயிற்றை இரண்டு கையாலும் மெதுவாகப் பிடித்துப் பார்த்தார். வாலைத் தூக்கிப் பார்த்தார். யாராவது இதை இழுத்தீர்களா என்று கேட்டார். மாஸ்டர் நல்ல மனுஷர். அவர் முந்திக்கொண்டு, யாரும் தொடவில்லை, பார்த்தவுடன் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம் என்றார்.

"நான் இழுத்தேன்," என்றாள் பிசிறு அக்கா.

"எவ்வளவு?"

"ஒரு அங்குலம். சுருக்கு விழற மாதிரி இருந்துச்சு. விட்டுட்டேன்."

டாக்டரம்மா நிமிர்ந்து அவளை ஒரு தரம் நன்றாகப் பார்த்தார். நாயை எக்ஸ்ரேக்குக் கொண்டுபோனார். படம் வந்ததும் கூப்பிட்டுக் காட்டினார். குடல் வளைந்து வளைந்து ஓடுவதற்குப் பதிலாக ஓரிடத்தில் கொசுவம் வைத்த மாதிரி குவிந்துகிடந்தது. நூலின் ஒரு முனை பந்தாகச் சுருண்டு இரைப்பையின் கீழ்வாயில் மாட்டிக்கொண்டிருக்கிறது, மறுமுனை குடல் வழியே கீழே வந்துவிட்டது என்று அவர் விளக்கினார். குடல் அதை வெளியே தள்ளத் தள்ள, தானே அதன்மேல் ஏறிச் சுருங்குகிறது. இறுகின நூல் ரம்பம் மாதிரி உள்ளே அறுக்கும். வெளியே தெரிகிறதே என்று முழுசாக இழுத்திருந்தால் குடல் கிழிந்திருக்கும். நாய்க்குப் பின்னால் நூலோ நாடாவோ தொங்கினால் தொங்கட்டும், இழுக்கவும் கூடாது, வெட்டவும் கூடாது, அப்படியே தூக்கிக்கொண்டு வர வேண்டும் என்றார். அப்புறம் எத்தனை நாளாக வாந்தி என்று கேட்டார்.

"புதன்கிழமைலேருந்து."

"தண்ணி?"

"நிக்கல."

"மத்தவங்க நாய்க்கு நீங்க என்ன கணக்கு சொல்வீங்க?"

அவள் பதிலை விழுங்கவில்லை. "ஒரு நாள். தண்ணி நிக்கலன்னா அதுவும் கிடையாது."

டாக்டரம்மா அதற்கு மேல் திட்டவில்லை. திட்ட வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். உடனே அறுக்க வேண்டும், மூன்று நாள் ஆகியிருப்பதால் உள்ளே எப்படி இருக்கும் என்று திறந்தால்தான் தெரியும், பிழைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

வெளியே ஒரு மரப் பெஞ்சு. மாஸ்டர் அதன் நுனியில் உட்கார்ந்து வெகுநேரம் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் விஷயத்தைச் சொன்னார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் வறுத்த கறி கொண்டுவந்திருந்தார். குழாயில் தண்ணீர் வரவில்லை. மேசைக்குக் கீழே கிடந்த நூல் கழிவில் ஒரு பிடி அள்ளி எண்ணெய்க் கையைத் துடைத்து மூலையில் போட்டார். சாயங்காலம் பெருக்கும்போது அது அங்கே இல்லை. காற்றில் போயிருக்கும் என்று நினைத்தாராம்.

தையல் கூடத்தில் கையைத் துடைக்க நூல் கழிவை எடுக்காதவர் யார்? அவளும் எடுப்பாள். கறி வாசனை ஊறிய நூல் பந்து ஒன்று மூக்குக்கு நேராகக் கிடந்தால் ஊக்கு அதைத் தத்துவ விசாரணையா செய்துகொண்டிருக்கும்? மாஸ்டரைத் திட்ட வேண்டும் என்று வாய் வரைக்கும் வந்தது. ஆனால் கை துடைத்தது ஒரு நிமிஷத்துக் காரியம். மூன்று நாள் பார்த்துக்கொண்டே இருந்தது யார்? அவள் அவர் தோளைத் தட்டிவிட்டு, நீங்கள் போய் அந்த எண்பது சட்டையை உங்கள் கண்ணாலேயே பார்த்து அனுப்பிவிடுங்கள் என்றாள்.

புருஷன் லாரியைத் தெரு முனையில் நிறுத்திவிட்டு வந்தார். பக்கத்தில் உட்கார்ந்தார். அரை வைத்தியன் பழமொழி இப்போது வரும், இதோ வரும் என்று அவள் காத்திருந்தாள். வந்தால் சண்டையாவது போடலாம். அவர் தண்ணீர் பாட்டிலைத் திறந்து அவள் கையில் கொடுத்தார். அவர் கேலி செய்யவில்லை என்றால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அப்போதுதான் அவளுக்கு உண்மையாகவே பயம் வந்தது. ஊக்கு செத்துப்போனால் அது நூலால் சாகாது, தன்னால் சாகும் என்று அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

இரண்டரை மணி நேரம் கழித்து டாக்டரம்மா ஒரு தட்டோடு வந்தார். எலுமிச்சம்பழம் அளவு நூல் பந்து, அதிலிருந்து நீளமாக ஒரு வால். இரைப்பையில் ஓரிடம், குடலில் மூன்று இடம் திறந்து எடுத்திருந்தார். ஒரு விரல் நீளத்துக்குக் குடல் கறுத்துப்போயிருந்ததால் அதை வெட்டிவிட்டு இரண்டு முனையையும் சேர்த்துத் தைத்திருந்தார்.

"அந்த ஒரு இடம் நான் இழுத்ததுனால ஆனதா?" என்று கேட்டாள்.

டாக்டரம்மா தட்டைப் பெஞ்சில் வைத்தார். "தெரியாது. இருக்கலாம். ஆனா ஒரு இடத்தோட போச்சுன்னா அது நீங்க விட்டதுனால. அதுவும் நிஜம்."

இதைவிட நேர்மையான பதிலை அவள் வாழ்க்கையில் கேட்டதில்லை. சமாதானத்துக்கு ஒரு பொய் சொல்லியிருந்தால் அவள் நம்பியிருக்கமாட்டாள்.

கண்டம் இன்னும் தாண்டவில்லை. ஐந்து நாள் போக வேண்டும் என்றார் டாக்டரம்மா. உள்ளே போட்ட தையல் பிடிக்காமல் கசிந்தால், வாந்தி வரும், வயிறு வீங்கும், நாய் சுருண்டு படுத்துவிடும். அப்படி எது வந்தாலும் நேரம் காலம் பார்க்காமல் கொண்டுவர வேண்டும். வெளிக்குப் போய்விட்டால்தான் குடல் வேலை செய்கிறது என்று அர்த்தம். இரண்டு நாள் அங்கேயே வைத்திருந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு அனுப்பினார். கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு. வயிற்றில் வரிசையாகத் தையல், ஒவ்வொரு முடிச்சிலும் இரண்டு முனை அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. அவள் கண் அங்கே போவதைப் பார்த்துவிட்டு, அது நான் வேண்டுமென்றே விட்டது, பிரிக்கும்போது பிடிக்க எனக்கு முனை வேண்டும், கத்தரியோடு அந்தப் பக்கம் போனால் தெரியும் சேதி என்று டாக்டரம்மா எச்சரித்தார். வீட்டில் புருஷன் எல்லாக் கத்தரியையும் பொறுக்கி அலமாரி உச்சியில் வைத்தார். அன்றுதான் அவர் வாயில் பழமொழி திரும்பி வந்தது. அவளுக்குக் கேட்க இனிமையாக இருந்தது.

ஞாயிறு போயிற்று, திங்கள் போயிற்று. ஊக்கு இரண்டு ஸ்பூன், மூன்று ஸ்பூன் என்று சோற்றை நக்கியது. வெளிக்கு மட்டும் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் மண் தரையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், அது முகர்ந்து பார்க்கும், உட்காரப்போகிற மாதிரி வளையும், அப்புறம் நிமிர்ந்து அவளைப் பார்க்கும். வேலைக்கு அவள் போகவில்லை. மாஸ்டர் ஒரு நாளைக்கு நான்கு முறை போன் செய்து, போச்சா என்று கேட்பார். மகளும் ஊரிலிருந்து கேட்பாள். லாரியில் போகிற புருஷனும் கேட்பார். ஒரு நாயின் பின்பக்கத்தை நம்பி இத்தனை பேர் உட்கார்ந்திருந்த நாட்கள் அவை.

செவ்வாய்க்கிழமை விடிந்து கொஞ்ச நேரத்தில் ஊக்கு கிண்ணத்துத் தண்ணீர் முழுவதையும் மடக் மடக்கென்று குடித்தது. ஐந்து நிமிஷத்தில் அவ்வளவையும் கக்கியது. புருஷன் முதல் நடைக்குக் கிளம்பிப் போயிருந்தார். அவள் ஈறை அழுத்திப் பார்க்கவில்லை, தோலைக் கிள்ளிப் பார்க்கவில்லை, மூன்று கேள்வியில் ஒன்றைக்கூட நினைக்கவில்லை. கதவைப் பூட்டினாளா என்பதே அவளுக்கு நினைவில்லை. பதினாறு கிலோ நாயைக் கூம்போடு நெஞ்சில் அணைத்துக்கொண்டு நடந்தாள். பாதி வழியில் கை மரத்துப்போயிற்று. பால் வண்டிக்காரர் ஏறச் சொன்னபோது நின்று பதில் சொல்லக்கூட அவளுக்குப் பொறுமை இல்லை.

டாக்டரம்மா அப்போதுதான் கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, கேட்டோரத்து மண்ணிலேயே நாயை இறக்கச் சொல்லிக் குனிந்து வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். வீக்கம் இல்லை, காய்ச்சல் இல்லை. தாகத்தில் ஒரே மூச்சாகக் குடித்திருக்கிறது, அதனால் வந்தது, கிண்ணத்தில் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள் என்றார். பயந்து வந்தது தப்பா என்று அவள் கேட்டாள். இல்லை, இப்படித்தான் வர வேண்டும் என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, ஊக்கு இரண்டு பேரையும் விட்டுவிட்டு நான்கடி தள்ளிப் போனது. மண்ணை முகர்ந்தது. ஒரு சுற்றுச் சுற்றியது, கூம்பு கேட்டில் இடித்தது, எதிர்ப்பக்கமாக இன்னொரு சுற்றுச் சுற்றியது. முதுகை வளைத்து உட்கார்ந்தது.

இரண்டு பெண்களும் மூச்சுவிடவில்லை.

கொஞ்சம்தான். ஆனால் உருவாக, பழுப்பாக, ரத்தம் இல்லாமல். ஊக்கு எழுந்து பின்காலால் மண்ணைத் தள்ளிவிட்டு, பெரிய காரியம் செய்துவிட்டவனைப்போல வாலை ஆட்டியது. நுனி இல்லை, முழு வாலும் ஆடியது. பிசிறு அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. துடைக்கவில்லை. ஒரு குச்சியைப் பொறுக்கிக்கொண்டு மண்ணில் குந்தி உட்கார்ந்து, அதைக் கிளறி, இப்படித் திருப்பி, அப்படித் திருப்பி, வெளிச்சத்துக்கு ஒதுக்கிப் பார்த்தாள். நூல் இல்லை. ஒரு இழைகூட இல்லை. அவளுக்கு நன்றாகத் தெரிந்தது, இல்லை.

குச்சியை டாக்டரம்மாவிடம் நீட்டினாள்.

"எனக்கு ஒண்ணும் தெரியல. நீங்க ஒரு தடவை பாருங்க."

தான் பார்த்து முடித்ததை இன்னொருவர் பார்க்கட்டும் என்று இருபத்திரண்டு வருடத்தில் அவள் சொன்னது அதுதான் முதல் தடவை. டாக்டரம்மா சிரிக்கவில்லை. கைப்பையைத் தோளில் தள்ளிவிட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் குந்தினார், குச்சியை வாங்கினார், அவசரப்படாமல் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லக்கா. வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, அதுக்குப் பசிக்கும்."